நான்கு லிட்டர் மஞ்சள்

கூடத்துச் சுவரில்
திம்மராஜ் பூசிவிட்டுப் போன இரண்டு சதுரங்கள்
ஒன்பது நாளாகக் காய்கின்றன.
ஒன்று மஞ்சள்.
இன்னொன்று, நீலம் என்கிறது அட்டை.
கிட்டத்தட்ட இரவு.

"வடக்கே மாடி வீடு வந்துடுச்சு,
வெளிச்சமே இல்ல. மஞ்சள்தான் எடுப்பா இருக்கும்"
என்கிறார் இவர்.
நாத்தனார் போனில் பார்த்துவிட்டு
"நீலம் அடிச்சா வீடு கிணறாயிடும்" என்கிறாள்.
"அதுக்கு மூணு கோட்டிங் ஆகும்க்கா"
என்று தரையில் சாக்பீஸால்
கணக்குப் போட்டுக் காட்டுகிறான் திம்மராஜ்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
காவேரிப்பட்டணம் ரோட்டில்
கூழ் கம்பெனி வேன் வந்துவிட்டது.

லாரி லாரியாய் பெங்களூரா இறங்கும் ராத்திரி.
பெல்ட்டில் வருவது மஞ்சள்,
கையுறைக்குள் கசிவது மஞ்சள்,
குழாய் பிடித்துக் கழுவக் கழுவ
சாக்கடையில் ஓடுவதும் அதுதான்.
இரண்டு மணி டீக்கு உட்கார்ந்து
கண்ணை மூடினால்
இமைக்கு உள்பக்கமும்
யாரோ ஒரு கோட்டிங் அடித்திருக்கிறார்கள்.

விடிந்துதான் வந்து படுப்பேன்.
ஊர் பூரா வெயிலாக இருக்கும்போது
எனக்கு ராத்திரி வேண்டும்.
அதை எந்தக் கடையில் கேட்பது?

பத்தாம் நாள் காலை
கிருஷ்ணகிரி ரவுண்டானா கடையில்
மஞ்சளைக் கலக்கி வாங்கியே வந்துவிட்டார்.
நான்கு லிட்டர்.
கலந்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.
பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு நிற்கிறான் திம்மராஜ்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்
அந்த மஞ்சள் சதுரத்தின் மேல்
கையை விரித்து வைத்தேன்.
நகம் எது சுவர் எது என்று
இவர் குனிந்து பார்த்தார்.
மூக்கைக் கிட்டே கொண்டுவந்து
மோந்தும் பார்த்தார்,
ஏதோ முதல் தடவை போல.
பதினோரு வருஷமாக
இந்தக் கையில்தான் சோறு வாங்கித் தின்கிறார்.

பிறகு என்னைப் பார்க்காமல்
"மூணு கோட்டிங்னா எவ்வளவுப்பா வரும்?"
என்றார்.

முதல் கோட்டிங்கில்
நீலத்துக்கு அடியிலிருந்து
மஞ்சள் எட்டிப் பார்த்தது.
இரண்டாவதிலும் ஒரு மூலையில்.
மூன்றாவது காய்வதற்குள் தூங்கிவிட்டேன்,
பெயின்ட் வாடையோடு,
வாயைத் திறந்துகொண்டு,
மதியம் மூன்று மணி வரைக்கும்.

டப்பா மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது,
மூடி திறக்காமல்.
சின்னவள் அதைத் தட்டிப் பார்த்து
"உள்ள என்னம்மா?" என்றாள்.

"ஆனி மாசம்" என்றேன்.