பெயர் எழுத வேண்டாம்

பொகோட்டாவிலிருந்து வந்த பெண்
முப்பத்தொரு பென்சில்களை எண்ணி வைத்தாள்.
பெயர் எழுத வேண்டாம் என்றாள்.
வயது போதும், எத்தனை வருடமாக
சைக்கிள் ஓட்டுகிறீர்கள் என்பது போதும்.

துயிதாமா நகராட்சிக் கூடத்தில்
காயாத மழைக்கோட்டுகளின் வாடை.
பதினேழு என்று எழுதினேன். ஆறு என்று எழுதினேன்.
இதற்குமேல் பெயர் எதற்கு?
ஆறு வருடமாக ஓட்டியும்
ஒரு கோப்பையும் வாங்காத பதினேழு வயதுக்காரன்
இந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான்.

முதல் கேள்வி சுலபம்.
'ஊக்கமருந்து எடுப்பது ஏமாற்று வேலை.'
முற்றிலும் உடன்படுகிறேன்.
எல்லாப் பென்சில்களும் ஒன்றாக உரசின,
ஞாயிறு பூசையில் ஆமென் சொல்வது மாதிரி.

ஐந்தாவதில் உரசல் குறைந்தது.
'எல்லோரும் எடுத்தால் நானும் எடுப்பதில் தவறில்லை.'
எல்லோரும் என்றால் யார்?
எனக்குத் தெரிந்தது யெசித் ஒருவனை.
விடுதிக் குளிர்பெட்டியில், பாலாடைக்கட்டிக்குப் பின்னால்
காலுறைக்குள் சுருட்டி வைத்திருப்பான்.
மார்ச்சில், சாந்தா ரோசா தாண்டிய ஏற்றத்தில்
என் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தவன்
மே மாதம் அதே ஏற்றத்தில்
பாடிக்கொண்டு போனான்.
ராகம்கூடப் பிசகவில்லை.

வைட்டமின்டா என்றான் முதலில்.
பிறகு ஒரு நாள், பல் துலக்கியபடியே:
"அப்பா ரெண்டு கறவைப் பசுவை வித்து
இந்தச் சக்கரத்தை வாங்கிக் கொடுத்தார்.
இதில் ஏறிப் பன்னிரண்டாவதா வந்தேன்னு வை,
அதுதான் திருட்டு."
நான் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை நிரப்ப
ஐந்து வட்டங்களில் எந்த வட்டம்?
நடுவில் இருந்ததை நிரப்பினேன். கருத்து இல்லை.

பதினான்காவது கேள்விக்கு நடு வட்டம் கிடையாது.
'ஊக்கமருந்தை உங்களுக்கு யாராவது
எப்போதாவது தர முன்வந்ததுண்டா?'
ஆம். இல்லை.

இல்லை.
இந்தத் தாளில் நான் கூசாமல் சொல்லக்கூடிய ஒரே உண்மை.
ஆனாலும் பென்சில் இறங்கவில்லை.

அந்த இரவு, முற்றத்தில்
பயிற்சியாளர் சனாப்ரியாவின் பழைய ரெனோ.
உள்ளே மஞ்சள் விளக்கு.
யெசித்தைக் கூப்பிட்டார். பத்து நிமிடம்.
ஹோஹனைக் கூப்பிட்டார். பத்து நிமிடம்.
நான் குழாயடியில் அணியின் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
கழுவியதையே மறுபடி கழுவினேன்.
விரல் மரத்துப்போகும் தண்ணீர்.
என்ன கேட்பார் என்று தெரியும்.
என்ன சொல்ல வேண்டும் என்றும்
ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்,
தலை நிமிர்ந்து, கொஞ்சம் சோகமாக:
வேண்டாம், சார்.

கதவின் கண்ணாடி பாதி இறங்கியது.
"தண்ணியை வீணாக்காதே, பையா" என்றார்.
கண்ணாடி ஏறியது.

என்மேல் ஊசிச் செலவுக்குக்கூட
யாரும் பணம் கட்டவில்லை.
இதற்குப் பெயர் நேர்மை என்றால்
என் சைக்கிள் பூட்டும் நேர்மையானதுதான்.

கடைசிப் பக்கத்தில் நான்கு கோடுகள்:
'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்.'
எழுதினேன். அழித்தேன்.
மறுபடி எழுதி அழித்ததில்
தாள் மெலிந்து, அடியில் மேசை தெரிந்தது.
அந்தப் பெண் அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
பென்சிலை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றாள்.
'சுத்தமாக ஓட்டுகிறேன்' என்று
பச்சை எழுத்தில் ஆளுக்கொரு ஸ்டிக்கர்.
யெசித் தலைக்கவசத்தில் ஒட்டிக்கொண்டான், நேராக, அழகாக.
என்னுடையது இன்னும் சட்டைப்பையில்.

மறுநாள் பயிற்சி. என் வேலை தெரிந்ததுதானே,
வண்டிக்குப் பின்வாங்கி, முதுகில் ஆறு குப்பி திணித்து,
மூச்சு முட்ட முன்னால் போய்க் கொடுப்பது.
உருளைக்கிழங்கு வயல்மேல் பனி விலகாத வளைவில்
யெசித் பாதி குடித்தான்.
மீதியை என்னிடம் நீட்டினான்.
"நீயும் குடிடா, முகம் வெளிறிக் கிடக்கு."

அவன் வாய் பட்ட குப்பி.
குடித்தேன்.
நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்து
விழுங்கினேன்.

வெறும் தண்ணீர்.