இலைக்கணக்கு இருக்கும் இடம்

கூப்பிட்டது மேனேஜர் இல்லை, சிவயோகம்.
முன்னூற்றுப் பன்னிரண்டு கிலோ பச்சை இலையைக் காணோம் சார்,
எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

மேட்டுப்பாளையத்தில் முதல் பஸ்.
குஞ்சப்பனை தாண்டியதும்
கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் இல்லை.
மடியில் லேப்டாப். அதற்குள்
நாலு வருஷம் முன்பு நான் எழுதிக் கொடுத்த மென்பொருள்:
எடை, ஈரக்கழிவு, ரசீது எண், வாரப் பட்டுவாடா.
தரவுக் கோப்பை எங்கே வைப்பதென்று
அன்றைக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.
செயலி குடியிருக்கும் ஃபோல்டரிலேயே அதையும் போட்டேன்,
அடுப்புக்குப் பக்கத்தில் பத்திரத்தை வைக்கிறவன் மாதிரி.

கோத்தகிரி எடைக்கூடத்தில்
பெள்ளி போஜன் நின்றுகொண்டிருந்தார்,
மழையில் நைந்த ரசீதை விரித்துப் பிடித்தபடி.
நூற்று நாலு கிலோ. தேதி இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது.
கம்ப்யூட்டரைக் கேட்டால்
அவர் அன்றைக்கு மலை ஏறவே இல்லை.

இரண்டு இரவு மட்டும் பதில் ஆளாக உட்கார்ந்த
அந்தோணி ராயரைக் கூப்பிட்டு
அவர் பெயரில் உள்ளே போகச் சொன்னேன்.
இருந்தது. நூற்று நாலு, முழுசாக.
சிவயோகத்தின் பெயரில் போனால் இல்லை.

போன மாதம்வரை எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்.
ஆடிட்டர் சொன்னாரென்று ஆளுக்கொன்றாகப் பிரித்திருந்தார்கள்.
இங்கே எழுத உனக்கு உரிமை இல்லை என்று
விண்டோஸ் அன்றே கத்தியிருக்கலாம்.
கத்தவில்லை.
எழுதியாயிற்று என்று பணிவாகத் தலையாட்டிவிட்டு
அவரவர் பீரோவுக்குள் அவரவருக்கொரு நகலை வைத்து மூடியது.
ஒரே ஐகான்,
இரண்டு பேரேடு.

கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமி எழும்வரை
ராயர் இருட்டில் கேட்டார்:
டெஸ்க்டாப்பில் வையுங்களேன், கண்ணெதிரே இருக்கும்?
கண்ணெதிரே இருப்பதால்தான்
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை யாராவது துடைத்துவிடுவார்கள்.
அப்போ டாக்குமென்ட்ஸ்?
அதை மேனேஜரின் கிளவுட் நிமிடத்துக்கொரு தரம் அள்ளுகிறது,
பாதி எழுதிய வரியையும் சேர்த்து.
அப்போ இப்படியே, ஆளுக்கொரு பீரோ?
உங்கள் எழுத்தின் அளவு, திரையின் நிறம்
அதெல்லாம் உங்கள் பீரோவில் இருக்கட்டும், ராயர்.
போஜனின் இலை
உங்களுடையதும் இல்லை, அந்தம்மாவுடையதும் இல்லை.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு இடம் உண்டு,
சாதாரணமாகக் கண்ணில் படாது.
நிறுவும்போதே அனுமதியையும் எழுதிவைக்க வேண்டும்,
மறந்தால் முதலில் நுழைந்தவர் மட்டுமே பேனா பிடிக்கலாம்.
கோப்பை அங்கே மாற்றினேன். பத்து நிமிட வேலை.

இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கத்தான் விடிந்தது.
1173 இரண்டிலும் இருந்தது.
ஒன்றில் போஜன், நூற்று நாலு.
இன்னொன்றில் மாசி, முப்பத்தேழு, ஈரத்துக்கு எட்டு சதம் கழிவு.
இருவரும் இலை பறித்தவர்கள்தான்,
இருவரும் ஒரே எண்ணோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.
ராயரின் ரசீதுகளுக்கெல்லாம் கடைசியில்
ஒரு 'இ' சேர்த்தேன், இரவுக்கு.
அதைவிட நல்லதாக எதுவும் தோன்றவில்லை.

மேனேஜர் வந்தார். சிஸ்டம் ப்ராப்ளமாமே, என்றார்
சிவயோகத்தைப் பார்க்காமல்.
இல்லை சார், என் தப்பு, என்றேன்.
அவர் போனில் இருந்தார்.

அந்தம்மா உரக்கடைக் காலண்டரைக் கழற்றித் திருப்பினார்.
இப்போ எங்கே இருக்கு, சொல்லுங்க.
சொன்னேன். சி டிரைவ் என்று தொடங்கி
ஒவ்வொரு ஃபோல்டராக, தமிழில், பெரிய எழுத்தில் எழுதினார்.
சாய்கோட்டை மட்டும் எந்தப் பக்கம் சாய்ப்பதென்று
இரண்டு தரம் கேட்டார்.