பிந்திய விரல்

பாட்டுகளில் உனக்குப் பிடித்த தொடக்கம் எதுவென்றால்
சங்கிலிச் சத்தம் என்பேன்.
தலைகீழாய் நிறுத்திய சைக்கிள்,
பின்சில்லில் உரசும் டைனமோ,
மிதியைக் கையால் சுற்றும் தவரூபன்.
முதல் நாலு சுற்றுக்கு
எந்தப் பாட்டும் எருமை போலத்தான் எழும்பும்.
வயலின்கள் சேற்றிலிருந்து கால் இழுக்கும்.
சில்லு வேகம் பிடிக்கப் பிடிக்க
எருமை மெலிந்து வயலினாகும்.
பாடுகிற பெண்
ஓர் ஆம்பிளையின் தொண்டையைக் கடந்துதான்
தன் குரலுக்கு வந்து சேருவாள்.

மல்லாவி, தொண்ணூற்றேழு.
பற்றரிக்குத் தடை.
முழுப்பாட்டுக்கும் சுற்றினால் தோள் கழன்றுவிடும்,
ஆகவே தொடக்கங்களை மட்டும் கேட்டோம்.
ஒன்று புறப்பட்டதும் நிறுத்தி
பென்சிலால் கசெற்றைச் சுற்றி அடுத்ததற்குப் போவோம்.
பல்லவி கிடைத்தால் அதிர்ஷ்டம்.
சரணமெல்லாம் வசதியான ஆட்களுக்கு.

பதிவு செய்வது குணவதனி.
அரிசி ஆலை ஓடுகிற ஒரு மணித்தியாலம்
ஆலைக்காரர் வீட்டு றேடியோவுக்கு முன்னால் குந்தியிருப்பாள்.
அறிவிப்பாளர் வாயை மூடியபிறகும்
அவள் விரல் சிவப்புப் பொத்தானில் பிந்தித்தான் விழும்.
விரலோ உலக்கையோ என்று திட்டுவோம்.
அவளுடைய கசெற்றில்
ஒரு பாட்டு புல்லாங்குழலின் வாலில் தொடங்கும்,
ஒன்று இரண்டாவது அடியில்.
ஓடுகிற பஸ்ஸில் தொற்றுவதுபோல
எல்லாவற்றிலும் பாதியில் ஏறினோம்.
நாடா அறுந்த இடத்தை
அவளுடைய கியூற்றெக்ஸ் பூசித்தான் ஒட்டினோம்.
அந்த இடத்தில் ஒரு 'டக்'.
இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும்
டக்குக்காக ஒரு கணம் நிற்கிறேன்.
வராது.

போன வியாழன், மாங்குளம் பஸ்.
புதுப் பெட்டி பூட்டிய சாரதி சத்தத்தைக் கூட்டினான்.
யாரோ மூச்சை இழுக்கிறார்கள்.
பிறகு மணி. ஒரேயொரு மணி.
பிறகு ஒன்றுமில்லை, பஸ்ஸின் உறுமலைத் தவிர.
அதற்குப் பிறகுதான்
எனக்குப் பாடமான அந்தத் தபேலா.
இருபத்தேழு வருசமாக
கதவைத் தட்டாமல் உள்ளே வந்த பாட்டு என்று நினைத்திருந்தேன்.
தட்டித்தான் வந்திருக்கிறது.
"எங்கயக்கா இறக்கம்?"
"பொறு தம்பி, இப்பதான் தொடங்குது."

தவரூபன் கிளிநொச்சியில் சோலர் பூட்டுகிறான்.
வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் தடிப்பு.
குணவதனி கனடாவில்.
வட்சப்பில் குரல் அனுப்புவாள்,
விரல் மட்டும் திருந்தவில்லை.
"...கமா இருக்கிறியோ?" என்று வரும்.
'சு'வை நான் போட்டுக்கொள்வேன்.
ஒருமுறை "...செத்துப்போச்சு" என்று வந்தது.
திருப்பி எடுத்தால் எடுக்கவில்லை.
விடியும்வரை அவளுடைய உறவுக்காரர் ஒவ்வொருவரையும்
அந்த வசனத்துக்கு முன்னால் வைத்து வைத்துப் பார்த்தேன்.
காலையில்தான் தெரிந்தது, பிரிட்ஜ்.

தையல்காரிக்கு வெட்டத் தெரியும்.
போனில் பாட்டைத் தேடி
முதல் மூன்று விநாடியை மட்டும் வெட்டி அவளுக்கு அனுப்பினேன்.
மூச்சு, மணி, வெறுமை.
ஒரு சொல்லும் எழுதவில்லை.

இரவு பதில் வந்தது:
"...தைக் கேட்டுக்கொண்டு நிண்டுதானடி
அண்டைக்கு அமத்தப் பிந்தினது.
ஒவ்வொரு பாட்டுக்கும் அப்பிடித்தான்.
சொன்னா அடிப்பியள் எண்டு சொல்லேல்ல."

பிறகு விரலை எடுக்க மறந்துவிட்டாள்.
குழாய்த் தண்ணீர், ஒரு கரண்டி,
யாரோ பிள்ளை இங்கிலீசில் எதையோ கேட்பது,
ஒரு நிமிசம் பதினொரு விநாடி.
நிறுத்தாமல் கேட்டேன்.