மேலே என்ன இருக்கிறது

சனிக்கிழமை மாலை பெட்டியைப் பிரித்தேன்.
சத்துவாச்சாரி, மூன்றாம் மாடி, வெறும் கான்கிரீட் தளம்.
கத்திரி வெயில் ஏழு மணிக்கும்
சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.
ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.
அதில் மூவாயிரம் லோகேஸ்வரியின் அப்பா கொடுத்த முன்பணம்.
செவ்வாய்க்குள் கல்யாண வீடியோ வேண்டும்,
மாப்பிள்ளை மஸ்கட் கிளம்புகிறாராம்.

தண்ணீர்க் கூலர்.
இரண்டு கறுப்புக் குழாய், ஒரு ரேடியேட்டர்,
பிராசஸர் தலைமேல் உட்கார ஒரு வட்டப் பம்ப்.
பம்ப்பின் முகத்தில் வானவில் வேறு சுற்றுகிறது.
சுற்றுவது விளக்கு மட்டும்தான் என்று
பதினோராவது நிமிடம் தெரிந்தது.

தொண்ணூற்றாறு டிகிரி.
முகூர்த்தம் வரைகூடப் போகவில்லை,
நலங்கிலேயே திரை இருண்டது.

கழற்றினேன்.
செப்புத் தகட்டின்மேல் ஒட்டியிருக்குமே ஒரு பிளாஸ்டிக் தாள்,
உரித்தேனா?
குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன்.
வெங்காயச் சருகுக்குள் கிடந்தது, என் கைரேகையோடு.
சரி, அது இல்லை.

பேஸ்ட்டைத் துடைத்துப் பட்டாணி அளவு புதிதாக வைத்தேன்.
நான்கு திருகையும் குறுக்கும் மறுக்குமாக முடுக்கினேன்.
தொண்ணூற்றைந்து.
பம்ப் வயரைப் பிடுங்கி வேறு முனையில் சொருகினேன்.
சுற்று வேகம் இரண்டாயிரத்து எண்ணூறு என்றது திரை.
ஓடுகிறது, சரி.
எதை ஓட்டுகிறது?

லாங்கு பஜார் சந்துக்குப் போன் போட்டேன்.
"புதுசு மேடம், எப்படிப் போவும்?
இன்னா சத்தம் வருது?" என்றார் இம்தியாஸ்.
காதை வைத்தேன்.
களக். களக்.
பாதி குடித்த சோடா பாட்டிலைக் குலுக்குகிற மாதிரி.
"திங்கக்கிழமை எடுத்தாங்க, கம்பெனிக்கு அனுப்பலாம்,
இருவது நாள்ல வந்துரும்."

காட்பாடிப் பாலத்தில் போகும்போதெல்லாம்
கீழே எட்டிப் பார்ப்பேன்.
மணலைத்தான் ஆறு என்கிறோம்.
கோட்டை அகழியில் தண்ணீர் உண்டு, போக வழியில்லை.
இங்கே என் மேஜையில்
தண்ணீரும் உண்டு, வழியும் உண்டு,
தள்ள ஆளும் உண்டு.
அப்புறம் ஏன்?

காலை எட்டரை. ஐசியூ இரவு டியூட்டி முடிந்து
எபிநேசர் வந்தார். பையைக் கூட இறக்கவில்லை.
திறந்து கிடந்த கேபினெட்டுக்குள் குனிந்து
இரண்டு விரலை ஒரு குழாய்மேல் வைத்தார்,
பிறகு மற்றதன்மேல்.
"இது கொதிக்குது. இது சும்மா கீது.
ஓட்டமே இல்லை. காத்து ஏதாவது?"

டிரிப்ஸ் குழாயில் வந்தால் சுண்டி விடுவார்களாம்.
இது மூடிய குழாய், சுண்டினாலும் வாசல் கிடையாது என்றேன்.
"அப்ப காத்து எங்க போவும்?"
மேலே.
"மேல இன்னா கீது?"
பதிலுக்கு நிற்கவில்லை,
துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மேலே பம்ப் இருந்தது.

ரேடியேட்டரை முன்பக்கம், அடியில் வைத்தவள் நான்தான்.
கண்ணாடி வழியே பார்த்தால் லட்சணமாக இருந்தது.
குழாயிலிருந்த காற்றெல்லாம் ஏறி
பம்ப்பின் மடியில் குந்திக்கொண்டது.
அது இரவெல்லாம் காற்றைத்தான் கடைந்திருக்கிறது,
நேர்மையாக, இரண்டாயிரத்து எண்ணூறு சுற்று.

ரேடியேட்டரைக் கழற்றி மேல்தட்டில் மாட்டினேன்.
ஒரு துளை சேரவில்லை, விட்டுவிட்டேன்.
கேபினெட்டை அணைத்துத் தூக்கி
பால் குடித்த பிள்ளையைப் போல
இப்படியும் அப்படியும் சாய்த்தேன்.
களக்... களக்...
சத்தம் குழாய் வழியே ஏறிப் போவது கேட்டது.
அப்புறம் கேட்கவில்லை.

அறுபத்திரண்டு.
நலங்கு தாண்டியது. தாலி ஏறியது.
லோகேஸ்வரியின் நெற்றியில் வியர்வை,
அதை நிறம் மாற்றி மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.
அறையே முப்பத்தொன்பது.
தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைவிட
எந்த ரேடியேட்டரும் குளிராது,
அட்டைப்பெட்டியில் இதைப் போடவில்லை.

மேஜை ஃபேன் ஒன்றுதான்.
எபிநேசர் தரையில் தூங்குகிறார், பகல் பத்து மணி.
அவர் பக்கம் திருப்பினேன்.

அறுபத்தைந்து.
இருக்கட்டும்.