நூறு புலங்கள்

ஒரு சொட்டு இரத்தத்தில்
நூறு புலம் பார்த்த பிறகே
இல்லை என்று எழுத வேண்டும்.
எண்பதில் கண் கடுக்கும்.
தொண்ணூறில் மீன் லாரி ஹாரன் அடிக்கும்.
பதினோரு வருடமாக
இல்லை, இல்லை, இல்லை என்று எழுதி
நான் வாங்கும் சம்பளம்
மூன்று மாதம் பாக்கி.

இனயத்துக்குப் பக்கத்தில்
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம்.
வாசல் சுவரில் பலகை.
மலேரியா, உள்ளூர்த் தொற்று: 0
மேலதிகாரிகள் வந்த அன்று
பச்சைப் பெயிண்டில் பெரிதாக எழுதியது.
அந்தப் பூஜ்யத்தை யாரும் தொடுவதில்லை.
பல்லிகூடச் சுற்றிக்கொண்டு போகும்.

கச்சான் காற்று ஓய்ந்த மறுநாள்
ததேயுஸ் வந்தார்.
மங்களூர்ப் படகில் நாலு மாதத் தங்கல்.
"ஒருநா விறைக்கும், ஒருநா சும்மா இருக்கும்.
சாதா காச்சலுதான் பிள்ளே,
ஒரு ஊசி போட்டு விடு."
நீட்டிய விரலில்
தூண்டில் கயிறு அறுத்த தழும்பு.
லான்செட் இறங்கவில்லை.
மோதிர விரலுக்கு மாறினேன்.

ஜிம்சா சாயம். அரைமணி நேரம்.
லென்ஸில் உப்புக்காற்று வளர்த்த பூஞ்சையைத் துடைத்துக்
குனிந்தேன்.
நாற்பத்தொன்றாம் புலம்.
வீங்கிய சிவப்பணுவுக்குள்
நீல வளையம், விளிம்பில் சிவப்புப் பொட்டு.
முத்திரை மோதிரம் என்று
படிக்கும்போது சொல்லித் தந்தார்கள்.
எனக்கு அது
கல் வைத்த பூஜ்யம்.

மாவட்டத்துக்குப் போன் செய்தேன்.
"கொசு கடிச்சது எங்க?"
"கர்நாடகாவில, சார்."
"அப்ப வெளியூர்க் கணக்கில போடுங்க.
போர்டுல கை வைக்க வேண்டாம்."
விதிப்படி அவர் சொன்னது சரி.
கொசுவுக்குத்தான் விதி தெரியாது.

காய்ச்சல் மூன்று நாளில் அடங்கிவிடும்.
ஈரலில் உறங்குவதைக் கொல்ல
பதினாலு நாள் மாத்திரை.
ஆறாம் நாள் வீட்டுக்குப் போனேன்.
செலின் வலை முள் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
"விறையல் நின்னுட்டு. படகுல ஐஸ் ஏத்தியாச்சு.
முன்பணம் வாங்கின ஆளு
மாத்திரைக்காகக் கரையில இருக்க முடியுமா?"
மாதா படத்துக்குப் பின்னிருந்து
மிச்ச ஒன்பது நாளை எடுத்து
என் கையில் வைத்தாள்.
அவர் எண்ணுக்கு அழைத்தேன்.
தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்
என்றாள் ஒருத்தி,
இரண்டு மொழியில்.

சுற்றி ஐம்பது வீடு பார்க்க வேண்டும்.
பார்க்க நானும் ஒரு டார்ச்சும்.
மருந்தடிப்பவர்கள் மழைக்காலத்துக்கு மட்டும்
வேலைக்கு எடுத்த பிள்ளைகள்,
வெயில் வந்ததும் நிறுத்தப்பட்டார்கள்.
கோயில் கிணற்றில் நான் விட்ட கம்பூசியா மீன்களைத்
திருவிழாவுக்குக் குளோரின் கொட்டிக் கொன்றிருந்தார்கள்.
மொட்டைமாடித் தொட்டிகளில் பாதிக்கு மூடியில்லை,
காற்று கொண்டுபோனது.
ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்து,
"மகளுக்குக் கல்யாணம், புதுப் பெயிண்டு,
சுவருல வெள்ளை படியும், வேண்டாம்" என்றார்கள்.
நான் வற்புறுத்தவில்லை.
என் வீட்டுச் சுவரிலும்
அடிக்க விட்டதில்லை.

இன்று, இருபத்திமூன்றாம் நாள்,
செலினின் அண்ணன் மகன் ஆன்றோ சஜின்.
ஐந்தாம் வகுப்பு. தேங்காய்ப்பட்டணத்துக்கு அப்பால்
எந்த ஊரும் பார்க்காதவன்.
ஒருநாள் விட்டு ஒருநாள்
பல் கிட்டுகிறதாம்.
ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டுகிறான்.
குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு
பலகையைப் பார்க்கிறான்.
"அந்த சைபர் என்னதுக்கு அக்கா?"

பதில் சொல்லாமல் குனிந்திருந்தேன்.
எழுபத்திரண்டில் மின்சாரம் போயிற்று.
ஸ்லைடை நகர்த்தவில்லை.
விட்ட இடம் தப்பக் கூடாது.
இருட்டில் கையை
ஸ்க்ரூ மேலேயே வைத்திருக்கிறேன்.
"முடிஞ்சுதா அக்கா?"
இல்லை மக்களே.
இன்னும் இருபத்தெட்டு.