நான்காவது நட்

ஐப்பசி பிறக்க மூன்று நாள்.
கொடநாடு பக்கம் வானம்
கழுவாத பால்சட்டி மாதிரி கிடக்கிறது.
டயர் மாற்றிவிட வேண்டும்.

என்னிடம் இரண்டு செட்.
ஆடிச் சாரலுக்கு வழுக்கை செட்டே போதும்,
கோத்தகிரிக்கு மழை என்றால் ஐப்பசிதான்.
அதற்கென்று ஆழப் பள்ளம் உள்ள நான்கு,
மேட்டுப்பாளையம் பழைய இரும்புக் கடையில்
ரிம்மோடு பேரம் பேசி வாங்கியவை.
ஒரு ரூபாய்க் காசைப் பள்ளத்தில் செருகினால் நிற்கும்.
வழுக்கை செட்டில் காசு தரையில் விழுந்து
சரிவில் உருண்டு ஓடுகிறது.

ஆம்னியை நிறுத்தச் சமதரை வேண்டும்.
எங்கள் ஊரில் அது மூன்றே இடம்:
பஸ் திரும்பும் முக்கு, மாரியம்மன் வாசல்,
தேயிலை எடை போடும் கொட்டகை.
ஞாயிற்றுக்கிழமை எடை இல்லை.
கொட்டகைக்கு வந்தேன்.
பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தேன்.
இன்னொரு கல்லும் வைத்தேன்.
மலையில் ஒற்றைக் கல்லை நம்புவதில்லை.

சாக்கை அவிழ்த்தால் சாக்பீஸில் என் கையெழுத்து:
மு.இ., மு.வ., பி.இ., பி.வ.
பி.வ.வுக்குள் ஒரு தவளை குடியிருந்தது.
வாடகை பாக்கி கேட்காமல்
தேயிலைக்குள் விட்டேன்.

மூன்று சக்கரம் முனகாமல் வந்தன.
முன் இடது.
மூன்று நட் சுழன்றன.
நான்காவது அசையவில்லை.

டீசல் சொட்டுவிட்டேன், ஊறட்டும் என்று.
அதுவரை உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி
முன்கண்ணாடியின் உள்பக்கம் தேய்த்தேன்.
புளோயர் போய் இரண்டு வருஷம்,
கிழங்கு தேய்த்த கண்ணாடியில்
பிள்ளைகளின் மூச்சு அவ்வளவாகப் படியாது.
வைப்பர் ரப்பர் மாற்றினேன்.
பிரேக் ஆயில் பார்த்தேன்.
திரும்பி வந்தால்
அசையவில்லை.

எந்த மடையன்டா இப்படி முறுக்கினது
என்று கத்தினேன்.
கொட்டகைத் தகரம் அப்படியே திருப்பிச் சொன்னது.

அப்புறம்தான் ஞாபகம்.
தை ஏழு. புல்லில் உறைபனி. இதே இடம்.
திருப்பூரிலிருந்து தவராசு போனில்:
"வண்டிய வித்துடுக்கா.
பொம்பள ஆளு, மலை ரோடு, அடுத்தவங்க பிள்ளைங்க.
ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"
நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன்.
அவன் பேசப் பேச முறுக்கினேன்.
ஐம்பத்தெட்டு கிலோவும்
அந்த ஒரு நட்டில்.

ஒன்பது மாதம் அது அங்கேயே இருந்திருக்கிறது.
கணக்கில் எட்டு, உள்ளே பதினோரு பிள்ளைகளோடு
அரவேனு வளைவெல்லாம் சுற்றியிருக்கிறது.

கேரட் மூட்டையோடு போன மாதியக்கா நின்றாள்.
"மெக்கானிக் பையனக் கூப்பிடட்டா?"
"தண்ணிக் குழாய்த் துண்டு இருந்தா குடு."
இரண்டடி இரும்பு. ஸ்பேனர் வாலில் மாட்டினேன்.
அவளும் அமுக்க வந்தாள்.
வேண்டாம் என்றேன்.
பிறகு, விழாமல் நிற்க
தோளை மட்டும் கேட்டேன்.

ஒரு குதி.
இன்னொன்று.
தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு கீச்.
விட்டது.

நட்டின் மரை நசுங்கிப் போயிருந்தது.
போல்ட் எப்படியோ தப்பியிருந்தது.
"ஆரு மேல கோவம்?" என்றாள் மாதியக்கா,
நட்டை வாங்கிப் பார்த்துவிட்டு.
பதிலுக்கு நிற்காமல் மூட்டையைத் தூக்கினாள்.

டூல் பெட்டியில் ஒரு ஸ்பேர் நட் கிடந்தது.
முதலில் விரலால்.
பிறகு எதிருக்கு எதிர்,
ஸ்பேனர் போதும் என்ற இடத்தில் நிறுத்தினேன்.
நிறுத்தியபின் ஒருமுறை காலைத் தூக்கினேன்,
பழக்கதோஷம்.
கீழே வைத்துவிட்டேன்.

தவராசுக்குப் போட்டேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.
கம்பெனியில் ஞாயிறும் ஓவர்டைம் இருக்கும்.

வழுக்கை செட்டை உருட்டி அடுக்கும்போது
தகரத்தில் முதல் தூறல்.
போன் அடித்தது.
கை முழுக்க கிரீஸ்.
அவன் கூப்பிடட்டும் என்று
விரல் விரலாகத் துடைத்தேன்.