செவ்வாய் எனக்கு, வெள்ளி உனக்கு

சோபா உனக்கு. சைக்கிள்கள் அவரவருக்கு.
சுவர்க்கடிகாரத்தை யாரும் கேட்கவில்லை;
அடுத்துக் குடிவருகிறவர்களுக்கு ஓடட்டும் என்று விட்டோம்.
வக்கீல் இல்லாமல், சத்தம் இல்லாமல்
ஒரே மத்தியானத்தில் முடிந்துபோனது, யோர்ன்,
ஏழு வருஷம்.

பிறகுதான் சாப்பாட்டுக் கடைகள் வந்தன.

இம்மர்மன் தெருவின் உடோன் கடையை நீ எடுத்துக்கொண்டாய்.
நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்ச
நான் கடைசிவரை பழகவில்லை என்பது உன் வாதம்.
சரி.
தட்டுகள் தாமாகச் சுற்றிவரும் சூஷிக் கடை என் பங்கு.
வெள்ளரிக்காய்த் தட்டு மட்டும்
யாரும் தொடாமல் மூன்றாம் சுற்று வரும்போது
பாவம் பார்த்து எடுப்பவள் நான்தானே.
ஓகோனோமியாகி கடை இருவருக்குமே வேண்டாம்:
சூட்டில் நெளிகிற மீன் சீவலைப் பார்த்துக்கொண்டே
மார்ச் மாதம் நாம் பேசிய பேச்சு
இன்னும் அந்த இரும்புக்கல்லில் ஒட்டியிருக்கும்.

மிஞ்சியது ஷிகெமியின் ராமென்.
பதினோரு முக்காலி. கதவைத் திறந்ததும்
கண்ணாடியைக் குருடாக்கும் ஆவி.
நவம்பர் மழையில் நடைபாதையில் வரிசை:
வங்கிக்காரர், டிராம் ஓட்டுபவள்,
டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வந்த கம்பெனி ஆட்கள்.
எல்லோருக்கும் ஒரே மரியாதை: நில்.
இதை நீயும் விடமாட்டாய், நானும் விடமாட்டேன்.
ஒரே வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் மாதிரி
செவ்வாய் எனக்கு, வெள்ளி உனக்கு.

முதல் செவ்வாய் கானோகோ
பழக்கதோஷத்தில் இரண்டு தண்ணீர் வைத்தாள்.
இரண்டையும் குடித்தேன்.

அட்டையைத்தான் மறந்திருந்தோம்.
பத்து முத்திரைக்கு ஒரு கிண்ணம் இலவசம்.
நம் அட்டையில் ஒன்பது; என் பர்ஸில் இருந்தது,
அதனால் பத்தாவது என் கிழமையில் விழுந்தது.
ஒன்பதில் நாலரை உன்னுடையது. கணக்கு கணக்குதானே.
"வெள்ளிக்கிழமை வருவாரே, அவரிடம் கொடு" என்றேன்.
அடுத்த வாரம் அதையே நீட்டினாள்: "உங்களுக்காம்."
நான் உனக்கென்றேன். நீ எனக்கென்றாய்.
ஏழு வருஷத்தில் ஒரு தடவையாவது
கடைசித் துண்டுக் கறியை விட்டுக்கொடுத்தவர்களா நாம்?
கல்லாவில் கையாட்டும் பூனைப்பொம்மையின் காலடியில்
அட்டை கிடந்தது, ஓரம் மடங்கி,
எண்ணெய்ப் பொட்டு ஏறி, கிறிஸ்துமஸ் தாண்டியும்.

இந்தச் செவ்வாய், கடை மூடும் நேரம்.
ஷிகெமி அடுப்படியை விட்டு வெளியே வந்தார்.
இத்தனை வருஷத்தில் அவரை இடுப்புக்குக் கீழே
அன்றுதான் பார்த்தேன்: ரப்பர் பூட்ஸ்.
அட்டையை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார்.
உள்ளே போய் ஒரு கிண்ணம் நிரப்பினார்,
முட்டை, மூங்கில் குருத்து, பன்றி இரண்டு துண்டு,
வெங்காயத்தாள் ஒரு கை.
எனக்குத்தான் என்று குச்சியைப் பிரித்து வைத்தேன்.
நின்றபடியே அவர் சாப்பிட ஆரம்பித்தார்.
அவசரமே இல்லை.
தரை துடைத்துக்கொண்டிருந்த கானோகோ கட்டையோடு நின்றுவிட்டாள்.
கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்து,
துண்டால் வாயைத் துடைத்து,
கரகரத்த ஜெர்மனில் சொன்னார்:
"உப்பு சரியாக இருக்கிறது."

சிரித்தேன். நடுவில் எங்கோ சிரிப்பு வழுக்கியது.
அவர் பார்க்காததுபோல் அடுப்பை அணைக்கப் போனார்.

இரண்டு புது அட்டை வந்தது.
ஒன்றில் வீப்கே. மற்றதில் உன் பெயர்,
ஓர் எழுத்து தப்பு. நான் திருத்தவில்லை;
வெள்ளிக்கிழமை நீயே பார்த்துக்கொள்.
என்னுடையதில் பத்துக் கட்டம், முதலாவதில்
கோணலாக ஒரு சிவப்பு முத்திரை.
மை காயவில்லை.
சூப்பை ஊதுவதுபோல் ஊதிக்கொண்டே
டிராமுக்கு நடந்தேன்.